விலக்கு ஆடு

லாரிச் சத்தம் கேட்டபோது வயூவா துவரைக் காட்டில் இருந்தாள். மழை ஏமாற்றிய வருஷம். செடிகள் இடுப்புக்குக்கூட வராமல் காய்த்து, காய்த்ததும் வெடிக்க ஆரம்பித்துவிட்டன. வெயில் ஏறுவதற்குள் பறித்துவிட வேண்டும் என்று இருட்டோடு இருட்டாகக் கூடையும் அரிவாளுமாக இறங்கியிருந்தாள்.

கீழே ஆறு. ஆறு என்றால் தண்ணீர் கிடையாது, மணல்தான். அந்த மணலைத் தோண்டினால் ஊறுகிற தண்ணீரில்தான் அவள் வீடும், அவள் கழுதைகளும், மேட்டிலிருக்கிற மாமரங்களும் உயிர் பிழைத்துக்கொண்டிருந்தன. அந்த மணலுக்குள் லாரி பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது.

வயூவா அரிவாளைக் கீழே போடாமலே இறங்கிப் போனாள்.

"யாரைக் கேட்டு அள்றீங்க?"

மண்வெட்டிக்காரர்கள் நிமிரவில்லை. மேஸ்திரி மாதிரி இருந்தவன் மட்டும் பல் குச்சியை எடுத்துவிட்டுச் சொன்னான். "நிலத்துக்காரரைக் கேட்டுத்தான்."

"நிலத்துக்காரி நான்தான்."

"கடைவீதியில சிமெண்ட் கடை வச்சிருக்காரே, முசெம்பி. அவரு ஆத்தோரத் துண்டை எங்க முதலாளிக்கு எழுதிக் குடுத்துட்டாரு. மேட்டுல ஒரு வேலைக்காரி இருப்பா, சத்தம் போடுவா, கண்டுக்காதீங்கன்னு சொல்லித்தான் அனுப்பினாரு." அவளை ஏற இறங்கப் பார்த்தான். "நீதானா அது?"

வேலைக்காரி என்ற அந்த வார்த்தைதான் எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தது. மணலை மட்டும் அள்ளியிருந்தால்கூட அவள் இவ்வளவு தூரம் போயிருக்க மாட்டாள் என்று பின்னால் ஊரில் சொன்னார்கள்.

வயூவா அந்த வீட்டுக்கு வேலைக்கு வந்தவள் இல்லை. கட்டிக்கொண்டு வரப்பட்டவள். கட்டியவள் கதுங்கே. கதுங்கே பிள்ளையில்லாத விதவை. நிலம் இருந்தது, மாந்தோப்பு இருந்தது, பேர் சொல்ல ஆள் இல்லை. அக்காம்பா சனங்கள் வாழ்கிற அந்த மலைப்பக்கத்தில் அப்படிப்பட்டவள் இன்னொரு பெண்ணை ஆடு கொடுத்துக் கட்டிக்கொண்டு வருவாள். வந்தவள் பெறுகிற பிள்ளைகள் அந்த வீட்டுப் பிள்ளைகள். தகப்பன் யார் என்று கேட்பது நாகரிகமில்லை, யாரும் கேட்பதுமில்லை. வயூவா இரண்டு பெண்களைப் பெற்றாள். மூத்தவள் முதிந்திக்குக் கதுங்கேயின் அம்மா பெயர். கதுங்கே போன மழைக்கு முன்னால் செத்துப்போனாள். மாந்தோப்பில்தான் புதைத்தார்கள்.

முசெம்பி கதுங்கேயின் அண்ணன் மகன். வயூவாவின் அப்பா வீட்டுக்கு மூன்று நிச்சய ஆடுகளைக் கயிறு பிடித்து ஓட்டிக்கொண்டு வந்தவனே அவன்தான். அன்றைக்கு அறுத்த கிடாவில் நெஞ்செலும்பைக் கேட்டு வாங்கித் தின்றதும் அவன்தான்.

அவள் அரிவாளோடு நேராகக் கடைக்குப் போனாள். முசெம்பி ஆணி நிறுத்துக்கொண்டிருந்தான். கடையில் நாலைந்து பேர்.

"வா வயூவா," என்றான்.

கதுங்கேயைப் புதைக்கிற நாள் வரைக்கும் 'சின்னம்மா' என்று கூப்பிட்ட வாய் அது.

"ஆத்துல மணல் அள்றான்."

"அள்ளட்டுமே. அது அங்க கெடந்து முட்டையா போட்டுக்கிட்டு இருந்துச்சு?"

ஆணி வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள்.

"எங்க வீட்டுக்காரம்மா நிலம் முசெம்பி அது."

"எங்க அத்தை நிலம். அத்தைக்குப் புள்ளை கெடையாது, அண்ணன் மகன் நான்தான் ஒரே ஆளுன்னு ஊர் சீஃப் கடுதாசி குடுத்தாரு. கோர்ட்டு என் பேர்ல நிர்வாகப் பத்திரம் குடுத்துருச்சு. இனிமே அந்தத் தோப்புல ஒரு மாங்கா விழணும்னாலும் என்னைக் கேட்டுத்தான் விழணும்."

"என் பொண்ணுங்க?"

"நல்ல புள்ளைங்க. அறுப்பு முடிஞ்சதும் வேற எடம் பாத்துக்க. அதுவரைக்கும் கூலி தர்றேன். சும்மா வேலை வாங்கினேன்னு கெட்ட பேரு எனக்கு வேண்டாம்."

"எங்கப்பா வீட்டுக்கு ஆடு ஓட்டிக்கிட்டு வந்தது யாரு?"

முசெம்பி தராசிலிருந்து ஒரு ஆணியைத் திருப்பி எடுத்தான். "விக்க வந்திருப்பேன். அந்த வயசுல நான் ஆட்டு யாவாரம்தானே பண்ணேன்."

மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை கொஞ்சம் பெரிசாக. வயூவா அந்தச் சிரிப்பில் யார் யார் வாய் திறந்திருந்தது என்று பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஆறியிருக்கும். வீட்டுக்கு வந்து உரலில் மக்காச்சோளத்தைப் போட்டு இடித்தாள்.

"அம்மா, உரல் ஒடையப் போவுது," என்றாள் முதிந்தி.

"அவன் தலைன்னு நெனச்சு இடிக்கிறேன்."

"அப்ப எப்பவோ மாவாயிட்டான். விடு."

அவள் விடவில்லை.

டவுனில் ஒரு தையல் கடைக்கு மேலே வக்கீல் செலீனாவின் அறை. சின்ன வயசு, பெரிய கண்ணாடி, கீழே ஓடுகிற தையல் மிஷின்களுக்கு மேலாகப் பேசிப் பேசிக் குரல் கரகரத்துப்போனவள். வயூவா சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டாள்.

"வாரிசுங்களை மறைச்சு வாங்குன பத்திரம் நிக்காது. ரத்து பண்ணச் சொல்லி மனு போடலாம். மணலுக்கும் தடை வாங்கிடலாம். ஆனா ஒண்ணு, நீங்க மனைவின்னு காட்டணும். வேலைக்காரின்னு அவரு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்காரு. ஆடு குடுத்ததைப் பார்த்தவங்க யாரு இருக்காங்க?"

"பெரியவங்கள்ல முக்காவாசிப் பேரு போய்ச் சேர்ந்துட்டாங்க. இருக்கிற ஒருத்தருக்கு அவரு பேரே ஞாபகம் இல்ல. என் அண்ணன் முலி இருக்கான்."

"கூட்டிக்கிட்டு வாங்க. ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனக்காதீங்க. பேசித் தீர்த்துக்கலாம்னு அவரு வந்தா?"

"நிலம் அப்புறம் வக்கீலம்மா. மொதல்ல அந்தப் பேப்பர்லேர்ந்து அவன் பேரு போகணும். நாலு பேரு பாக்கப் போகணும்."

செலீனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "சரி," என்றாள்.

அண்ணன் முலி வீட்டில் புதுத் தகரக் கூரை வெயிலில் கண்ணைப் பறித்தது. சோளமும் துவரையும் சேர்த்து வேகவைத்த இஸ்யோவை அண்ணி தட்டில் கொண்டுவந்து வைத்தாள். முலி தங்கையின் முகத்தைப் பார்க்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு முட்டி வலி வயூவா. கோர்ட்டுப் படியெல்லாம் ஏற முடியாது."

"போன வாரம் சந்தையில ஓடிப்போயி வண்டி புடிச்சியே."

"அதுல ஏறினதுதான் வலி."

"கூரை புதுசா இருக்கு."

"பழசு காத்துல போயிருச்சு."

"எந்தக் காத்துண்ணே? எங்க பக்கம் ஒரு எலகூட அசையலையே."

முலி எழுந்து ஆட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனான். திரும்பி வரவே இல்லை. வயூவா தட்டைத் தொடாமல் எழுந்தாள்.

தடை வந்து லாரிகள் நின்றன. ஆனால் அதற்குள் ஆற்றில் மணல் குறைந்து ஊற்று ஆழத்துக்குப் போய்விட்டது. முன்பு முழங்கை ஆழம் தோண்டினால் வந்த தண்ணீருக்கு இப்போது குழிக்குள் ஒருத்தி இறங்கி நின்று சுரைக்குடுவையில் மொண்டு மேலே தர வேண்டியிருந்தது. பெண்கள் விடியற்காலையிலேயே கழுதைகளோடு வரிசை கட்டினார்கள். கூடை பின்னிக்கொண்டும், நாரைத் தொடையில் திரித்துக்கொண்டும், முசெம்பியைத் திட்டிக்கொண்டும் உட்கார்ந்திருப்பார்கள். முசெம்பியின் பெண்டாட்டி கவிந்த்யா வந்தால் மட்டும் பேச்சு நாருக்குத் தாவும்.

ஒருநாள் குழிக்குள் வயூவா இறங்கியிருந்தாள். மேலே கேன் நீட்டியவள் கவிந்த்யா. கொடுக்காமல் இருக்க முடியாது. தண்ணீரில் பகை காட்டுகிற வழக்கம் அந்த ஆற்றில் இல்லை.

"கையெல்லாம் கிழிஞ்சு கெடக்கு," என்றாள் வயூவா, கேனை வாங்கிக்கொண்டு.

"எல்லாம் உங்கண்ணன் ஆட்டால. முள்ளுக்குள்ள கைவிட்டுத் தழை வெட்டி வெட்டி இந்தக் கதி."

"எங்கண்ணன் ஆடு உங்க வீட்ல எதுக்கு?"

கவிந்த்யா அவளைக் குனிந்து பார்த்தாள். விளையாடுகிறாளா என்று பார்த்த மாதிரி இருந்தது.

"உனக்குத் தெரியாதா? விலக்கு ஆடு. அத்தையைப் பொதைச்ச மறு வாரமே உங்கண்ணன் ஓட்டிக்கிட்டு வந்தாரு. காது கிழிஞ்ச செவலை. இவரு நாலு பேரைக் கூப்பிட்டு வச்சு வாங்கிக் கட்டினாரு. விக்கக் கூடாது, அறுக்கக் கூடாது. சாயங்காலம் கடையிலேர்ந்து வந்தா என்னைக் கேக்க மாட்டாரு, புள்ளைங்களைக் கேக்க மாட்டாரு. ஆடு தின்னுச்சான்னுதான் கேப்பாரு."

வயூவாவுக்குக் குழிக்குள் நின்றபடியே உடம்பு கொதித்தது. ஒரு கல்யாணம் முறிந்தால் பெண் வீட்டிலிருந்து ஒரு ஆடு திரும்பிப் போகும். மாப்பிள்ளை வீடு அதை வாங்கிக் கட்டிவிட்டால் உறவு அறுந்தது. அண்ணன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தகரக் கூரைக்கு அவளை அறுத்துவிட்டிருக்கிறான்.

முசெம்பிக்கு எதற்கு இந்த வேலை என்பதும் அவளுக்குப் புரிந்தது. கோர்ட்டை ஏமாற்றப் பத்திரம் போதும். மாந்தோப்பில் படுத்திருக்கிற கதுங்கேயை ஏமாற்றப் பத்திரம் போதாது. அவள் பெண்டாட்டியை விலக்காமல் அந்த நிலத்தில் கை வைத்தால் அத்தை சும்மா விடமாட்டாள் என்று அவனுக்கு உள்ளூர நடுக்கம்.

அவள் அதையெல்லாம் செலீனாவிடம் கொட்டித் தீர்த்தாள். "என்னை விலக்கிட்டாங்க வக்கீலம்மா. எனக்கே தெரியாம. இனி நான் என்னத்தைப் பேச?"

செலீனா டீயை வாயருகே கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். டீ மேஜையெல்லாம் சிந்தியது.

"கட்டாத ஒருத்தியை எப்படிம்மா விலக்குவாங்க?"

வயூவாவுக்கு அது உறைத்தது. பிறகு அவளும் சிரித்தாள். அது நல்ல சிரிப்பு இல்லை.

மறுநாள் அவள் கவிந்த்யாவுக்காகவே ஊற்றில் காத்திருந்தாள்.

"கோர்ட்டுல வந்து சொல்லுவியா?"

கவிந்த்யா கேனைக் கழுதை மேல் கட்டினாள். முடிச்சை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள். "மணல் வித்த காசு எங்க போச்சு தெரியுமா? டவுன்ல ஒருத்திக்கு வீடு வாடகை, கட்டில், கண்ணாடி வச்ச பீரோ. நான் இங்க ஆட்டுக்கு முள்ளு வெட்டறேன்." கழுதையைத் தட்டினாள். "வர்றேன்."

விசாரணை அன்று கோர்ட்டு வராந்தாவில் முசெம்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். இஸ்திரி போட்ட கோட்டு.

"சின்னம்மா," என்றான்.

வயூவா கூடை பின்னிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வீட்டை எடுத்துக்க. தோப்புல பாதி எடுத்துக்க. மனுவை வாபஸ் வாங்கிரு. குடும்ப விசயத்தை இங்க வந்து அவுத்துப் போடணுமா?"

"பாதியா?"

"பாதிக்கு மேலயே தர்றேன்."

"நல்லா இருக்கே. வேலைக்காரிக்கு யாராவது தோப்புல பாதி குடுப்பாங்களா முசெம்பி? உனக்குப் பெரிய மனசு."

அவன் எழுந்து போனான்.

உள்ளே பின்வரிசையில் ஊர்ப் பெரியவர்கள் தடியை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்குக் கடையில் ஆணி வாங்கியவர்களும் வந்திருந்தார்கள். செலீனா முசெம்பியைக் கேட்டாள்.

"இந்த அம்மா யாரு?"

"அத்தைகிட்ட வேலை பாத்தவங்க."

"கூலிக்கு?"

"கூலிக்குத்தான்."

"உங்க தொழுவத்துல காது கிழிஞ்ச செவலை ஆடு நிக்குதா?"

"ஆடு இல்லாத வீடு எது?"

"எங்கேர்ந்து வந்துச்சு?"

"சந்தையில வாங்கினேன்."

கவிந்த்யா வந்தாள். தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, புருஷன் பக்கம் பார்க்காமல், யார் கொண்டுவந்தார்கள், எந்த மரத்தில் கட்டினார்கள், யார் யார் நின்று பார்த்தார்கள் என்று சந்தை விலை சொல்வதுபோல வரிசையாகச் சொன்னாள். பிறகு முலியைக் கூப்பிட்டார்கள். பைபிளில் கை வைத்தான். பைபிளில் கை வைத்து அவன் எதையும் சொல்லக்கூடியவன்தான். ஆனால் விலக்கு ஆட்டைப் பற்றிப் பொய் சொன்னவன் தொழுவத்தில் குட்டி தங்காது என்று அவனுக்குப் பயம். பின்வரிசைத் தடிகள் வேறு அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.

"நான்தான் ஓட்டிக்கிட்டுப் போனேன்," என்றான் தரையைப் பார்த்து. "அவன் கேட்டான். குடுத்தேன்."

முசெம்பி மறுபடியும் கூண்டேறினான். "உங்க கடையில வேலைக்காரன் இருக்கானா?" என்று கேட்டாள் செலீனா.

"இருக்கான்."

"அவனை நிறுத்தணும்னா அவன் அண்ணன்கிட்டேர்ந்து ஆடு வாங்குவீங்களா?"

சிரிப்பு கிளம்பியது. வயூவா திரும்பிப் பார்த்தாள். கடையில் திறந்த அதே வாய்கள்தான். இன்றைக்கு வேறு பக்கம் திறந்திருந்தன.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "ஒரே கேள்வி. அது விலக்கு ஆடா, இல்லையா?"

பெரியவர்கள் முன்னால் சாய்ந்தார்கள். ஆமாம் என்றால் கல்யாணம் நடந்தது. இல்லை என்றால் விலக்கு அந்த நொடியோடு போச்சு, நாலு பெரியவர்கள் காது கேட்க; அத்தைக்குப் பயந்து செய்ததெல்லாம் வீண். முசெம்பி தன் வக்கீலைப் பார்த்தான். வக்கீல் பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். முசெம்பி கூண்டிலிருந்து இறங்கிவிட்டான்.

தீர்ப்பு வந்த அன்று மலைக்குப் பின்னால் இடி முழங்கிக்கொண்டிருந்தது. மனைவியையும் மகள்களையும் மறைத்து வாங்கிய பத்திரம் ரத்து. செத்தவள் விலக்க முடியாது, அவளுக்காக அண்ணன் மகனும் விலக்க முடியாது. நிர்வாகம் இனி வயூவாவிடம். நீதிபதி வாசித்துவிட்டுக் காகிதக் கட்டை மூடி அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்.

"அவ்வளவுதானா?" என்றாள் வயூவா.

"ஜெயிச்சுட்டீங்கம்மா," என்றாள் செலீனா.

"கிழிக்க மாட்டாங்களா?"

"கிழிக்கறதெல்லாம் இல்ல. ரத்துன்னா ரத்துதான்."

வண்டியில் திரும்பி வரும்போது அவளுக்கு வயிறு நிறையாத மாதிரியே இருந்தது.

மழை இறங்கியது. ஆறு செந்நிறமாக ஓடிப் புது மணலைக் கொண்டுவந்து போட்டது. மணல் முதலாளியின் ஆட்கள் கொடுத்த காசைத் திருப்பிக் கேட்டு இப்போது முசெம்பி கடை வாசலில் உட்கார்ந்தார்கள். சிமெண்ட் மூட்டைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கடைசியில் கடையில் தவிட்டு மூட்டையும் கோழித் தீவனமும்தான் மிஞ்சின. கோர்ட்டில் சாட்சி சொன்னதற்காக அவன் கவிந்த்யாவை அடித்து, இரண்டு பையன்களோடு வெளியே தள்ளினான். அவள் மலைக்கு அந்தப் பக்கம் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள்.

வயூவா விதைத்தாள், களை வெட்டினாள், வரப்புகளை ஏற்றிக் கட்டினாள். மண்வெட்டி ஓயவில்லை.

"அம்மா, போதும்மா," என்றாள் முதிந்தி. "இன்னும் யார்மேல கோவம்? ஜெயிச்சாச்சு."

"ஜெயிச்சது வக்கீலம்மா."

களை எடுப்பு முடிந்ததும் வயூவா மலை தாண்டிப் போனாள். கவிந்த்யா அப்பாவின் பயறுக் காட்டில் குனிந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே இன்னும் மஞ்சளாகக் கன்றியிருந்தது. வயூவா எதுவும் கேட்காமல் பக்கத்து வரிசையில் மண்வெட்டியைப் போட்டாள். வரிசை முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் வெட்டினார்கள்.

"திருப்பிக் கூப்பிட வருவானா?" என்றாள் வயூவா.

"வருவாரு. எனக்கு வேற போக்கு ஏதுன்னு நெனச்சுக்கிட்டு வருவாரு."

"உங்கப்பா விட்டுருவாரா?"

"எங்கப்பாவுக்கு என்ன? ஒரு ஆட்டுக்குட்டிகூட இந்த வாசலுக்கு வந்ததில்ல. இந்த மழைக்கு, அடுத்த மழைக்குன்னே சொல்லிக்கிட்டுப் பெரியவனுக்கு மீசை மொளைக்கப் போவுது."

வயூவா மண்வெட்டியை நிறுத்தினாள்.

"நிச்சய ஆடு குடுக்கலையா அவன்?"

"கடையில அவ்வளவு காசு பொரண்டப்பகூட குடுக்கல. ஆடு வராத வரைக்கும் நானும் பசங்களும் எங்கப்பா வீட்டு ஆளுங்கதான்."

காற்று பயறுச் செடிகளைப் புரட்டிவிட்டுப் போனது. வயூவா மண்வெட்டியில் ஒட்டிய ஈர மண்ணைக் கட்டைவிரலால் மெதுவாக வழித்துப் போட்டாள்.

"எனக்குப் பையன் இல்ல கவிந்த்யா."

கவிந்த்யா நிமிர்ந்தாள். அர்த்தம் புரிவதற்கு அவளுக்கு நேரம் ஆகவில்லை. பையனில்லாதவளும் ஆடு கொடுத்துக் கட்டுகிற மலையில் பிறந்தவள்தானே.

"அவரைப் பழிவாங்கவா கேக்குற?"

"ஆமா."

"நீ இல்லன்னு சொல்லுவன்னு நெனச்சேன்."

"பாதிதான் அது. மீதிக்கு, தோப்பு பெரிசு. எனக்கு இடுப்பு போச்சு. வீட்ல ராத்திரி பேச ஒரு ஆள் இல்ல."

"அடிப்பியா?"

"துவரையை ஒடைக்காம தூங்கினா திட்டுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்."

"அதுதான் ஆத்தங்கரைக்கே தெரியுமே." கவிந்த்யா அடுத்த வரிசைக்கு நகர்ந்தாள். கொஞ்ச தூரம் வெட்டிக்கொண்டே போனவள் திரும்பாமல் சொன்னாள். "அவருகிட்ட பாதிகூட இல்ல. எங்கப்பாவைக் கேளு. கெடா நல்லதா பார்த்துக் கொண்டா, அவரு குறை சொல்லுவாரு."

தோப்பிலிருந்து மலைக்குப் போகக் குறுக்குப் பாதை இருக்கிறது. வயூவா அதில் போகவில்லை. சந்தை நாளாகப் பார்த்து, தலைக்குப் புதுத் துணி கட்டி, ஊர்ப் பெரியவர் ஒருவரை முன்னால் நடக்கவிட்டு, மூன்று ஆடுகளைக் கடைவீதி நடுவாக ஓட்டிக்கொண்டு வந்தாள். நன்றாகக் கொழுத்த ஆடுகள். சந்தைக்கு வந்தவர்கள் எல்லோரும் விலை கேட்டார்கள்.

"விக்க இல்ல," என்றாள் ஒவ்வொருவரிடமும்.

முசெம்பி கடை வாசலில் நின்றுகொண்டிருந்தான். கோட்டு இல்லை. "யாருக்கு ஆடு?" என்றான்.

"சம்பந்தம் பேசப் போறேன்."

"யார் வீட்ல?"

வயூவா மலையைப் பார்த்துத் தாடையை ஆட்டினாள். முன்னால் போன பெரியவர் கவிந்த்யாவின் அப்பா பெயரைச் சொன்னார்.

"அவ என் பொண்டாட்டி," என்றான் முசெம்பி. "அவனுங்க என் பசங்க."

"அப்படியா," என்றாள் வயூவா. "எத்தனை ஆடு குடுத்த?"

பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு பதிலுக்காக நின்றார். வெங்காயக்காரி எடைக்கல்லைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். ஆணி வாங்கிச் சிரித்த ஆள் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஆடுகளுக்குப் பொறுமை இல்லை. கிடா கடைக்குள் தலையை விட்டு, வாய் திறந்திருந்த தவிட்டு மூட்டையில் முகத்தைப் புதைத்தது. மற்ற இரண்டும் பின்னாலேயே போயின. முசெம்பி விரட்டக் கை தூக்கினான். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

வயூவா கயிற்றை இழுக்கவில்லை. தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, அவை வயிறு நிறையத் தின்று முடிக்கட்டும் என்று நின்றாள்.